நார்மண்டி தரையிறக்கம், 1944 ஜூன் 6: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1944 ஜூன் 6ஆம் தேதி அமெரிக்க, பிரிட்டிஷ், கனடியப் படைகள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. சினிமாக்கள் பெரும்பாலும் துப்பாக்கிச் சூட்டை மட்டுமே காட்டுகின்றன. ஓதக் கணக்கு (கடல் நீர் ஏறி இறங்கும் கணக்கு), மணல் சோதனை, கப்பலில் சரக்கு ஏற்றும் வரிசை, கரையில் இறக்கும் வேகம் ஆகியவைதான் அந்த நாளை உண்மையில் தீர்மானித்தன என்பது எங்கள் கருத்து. அதனால் இங்கே அவற்றுக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

ஓவர்லார்ட், நெப்டியூன், டி-டே மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. மேற்கு ஐரோப்பாவில் காலூன்றி முன்னேறும் முழுத் திட்டத்தின் பெயர் ஓவர்லார்ட். அதில் கடலைக் கடந்து கரை சேரும் பகுதி நெப்டியூன். டி-டே என்பது எந்தத் தாக்குதலுக்கும் அது தொடங்கும் நாளைக் குறிக்க ராணுவத்தில் வழங்கும் பொதுச்சொல். தேதி முடிவாவதற்கு முன்பே மற்ற வேலைகளுக்கு நாள் குறிக்க அது உதவும். துறைமுகத்தின் முதல் பாகம் டி-டேக்கு அடுத்த நாள் வந்து சேர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டால், தேதி தள்ளிப்போனாலும் அட்டவணையைத் திருத்த வேண்டியதில்லை. தாக்குதல் தொடங்கும் நேரத்தை ஹெச்-ஹவர் என்றார்கள்.

கலே பக்கம்தானே கால்வாய் மிகக் குறுகலானது? அங்கே ஏன் இறங்கவில்லை?

இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேக்கும் இடையே சுமார் 33 கிலோமீட்டர்தான். அது ஜெர்மானியருக்கும் தெரியும் என்பதால் அவர்களின் வலுவான அரண்களும் 15ஆவது படையும் அங்கேதான் இருந்தன. நார்மண்டி தொலைவுதான். ஆனால் தெற்கு இங்கிலாந்து விமானத் தளங்களிலிருந்து போர் விமானங்கள் எட்டக்கூடிய தூரம். மேற்கிலிருந்து வீசும் காற்றைக் கோடன்டின் தீபகற்பம் ஓரளவு தடுக்கும். அகன்ற மணற்கரை உண்டு. ஷெர்பூர் துறைமுகமும் பக்கத்தில் இருந்தது.

1943இல் பிரிட்டிஷ் ஜெனரல் ஃபிரடெரிக் மோர்கன் வகுத்த முதல் வரைவில் மூன்று டிவிஷன்கள்தான் (ஒவ்வொன்றும் பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) கடல்வழி இறங்குவதாக இருந்தன. 1944 தொடக்கத்தில், தரைப்படைகளுக்குத் தலைமை தாங்கவிருந்த பிரிட்டிஷ் ஜெனரல் மாண்ட்கோமரி அதைப் பார்த்து, முகப்பு போதாது என்று ஐந்து டிவிஷன்களாக உயர்த்தினார். முகப்பு சுமார் 80 கிலோமீட்டருக்கு விரிந்தது. அதை ஐந்து கரைகளாகப் பிரித்து ரகசியப் பெயர் வைத்தார்கள்: அமெரிக்கருக்கு யூட்டா, ஒமாஹா; பிரிட்டிஷாருக்கு கோல்ட், ஸ்வோர்ட்; கனடியருக்கு ஜூனோ. அதற்கு வேண்டிய தரையிறக்கப் படகுகள் கையில் இல்லை. மேலும் ஒரு மாத உற்பத்தி கிடைக்கட்டும் என்று மே மாதத் திட்டத்தை ஜூனுக்குத் தள்ளினார்கள்.

1942இலேயே இறங்கியிருக்க முடியாதா?

முயன்ற ஒரு சிறு தாக்குதல் எப்படி முடிந்தது என்று பார்த்தாலே போதும். 1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் தியெப் துறைமுகத்தின் மீது சுமார் 6,000 பேர் நேரடியாகப் பாய்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் கனடியர்கள். அந்தத் தாக்குதலால் 900க்கும் மேற்பட்ட கனடியர்கள் இறந்தார்கள். முன்கூட்டியே போதிய கப்பல் பீரங்கித் தாக்குதல் நடக்கவில்லை. கரை முழுக்கக் கூழாங்கல். அது டாங்கிகளின் சங்கிலிப் பட்டைகளில் சிக்கி, பல டாங்கிகள் நகர முடியாமல் நின்றன.

காவலுள்ள துறைமுகத்தை முன்வாசல் வழியாகப் பிடிக்க முடியாது என்பது அங்கே தெளிவானது. அப்படியே பிடித்தாலும் எதிரி அதை உடைத்துவிட்டுத்தான் போவான். துறைமுகத்தையே கூடக் கொண்டு போவோம் என்ற எண்ணம் வலுப்பெற இந்தத் தோல்வி ஒரு பெரிய காரணம்.

தேதியும் நேரமும் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன?

நம் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது. சென்னையில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூட ஓத வேறுபாடு ஏறக்குறைய 1 மீட்டர்தான். நார்மண்டியில் அது 6 மீட்டருக்கு மேல் போகும். வற்றத்தின்போது கடல் பின்வாங்கி, சில இடங்களில் 300 மீட்டருக்கும் அதிகமான மணல் வெளியே தெரியும். ஏற்றத்தின்போது அந்த மணல் முழுதும் நீருக்கடியில் போய்விடும்.

அந்த மணற்பரப்பில்தான், கரைக்காவலுக்குப் பொறுப்பான ஜெர்மானியத் தளபதி ரோம்மல் தடைகளை நட்டிருந்தார். இரும்புக் கதவு போன்ற சட்டங்கள், கடலைப் பார்த்துச் சாய்ந்த மரத்தூண்கள், மூன்று இரும்புத் துண்டுகளைக் குறுக்காகப் பற்றவைத்த முட்தடைகள் எனப் பல வகை. பலவற்றின் நுனியில் கன்னிவெடி கட்டியிருந்தது. நேச நாட்டுப் படைகள் ஏற்றத்தோடு வரும், வீரர்கள் ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது அவர் கணிப்பு. அப்படி வந்திருந்தால் நீருக்கடியில் மறைந்த தூண்கள் படகுகளின் அடிப்பகுதியைக் கிழித்திருக்கும். முழு வற்றத்தில் வந்தாலோ வேறு தொல்லை. வீரர்கள் திறந்த மணலில் வெகுதூரம் ஓட வேண்டும். படகுகளும் தரைதட்டி, அடுத்த ஏற்றம் வரை அங்கேயே கிடக்கும்.

ஆகவே வற்றம் முடிந்து நீர் ஏறத் தொடங்கிய வேளையைத் தேர்ந்தார்கள். தடைகள் கண்ணுக்குத் தெரியும். தரைதட்டிய படகை ஏறும் நீரே தூக்கிவிடும். ஆனால் தடைகளை வெடிவைத்துத் தகர்க்கும் பொறியாளர்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம்தான். ஒமாஹா கரையில் நீர் ஏறக்குறைய 8 நிமிடத்துக்கு 1 அடி வீதம் உயர்ந்தது.

இதோடு வெளிச்சக் கணக்கும் சேர்ந்தது. கப்பல் பீரங்கிகள் இலக்கைப் பார்த்துச் சுடவும் விமானங்கள் குண்டு வீசவும், கரையிறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் பகல் வெளிச்சம் வேண்டும். முந்தைய இரவு பாராசூட் வீரர்களுக்கு நிலவொளி வேண்டும். விடியலை ஒட்டிய வற்றமும் நிலவும் ஒன்றாக அமைந்த நாட்கள் ஜூன் 5, 6, 7 மட்டுமே. தவறவிட்டால் ஓதம் மீண்டும் ஒத்துவர இரண்டு வாரம் ஆகும்.

ஓதத்தைக் கணித்தவர் லிவர்பூல் அருகே பிட்ஸ்டன் ஆய்வகத்தில் இருந்த ஆர்தர் டூட்சன். பித்தளைச் சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட இரண்டு கணிப்பு இயந்திரங்கள் அவரிடம் இருந்தன. ஒரே குண்டில் இரண்டும் அழிந்துவிடக் கூடாது என்று அவற்றை ஆய்வகத்தில் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். எந்தக் கரைக்கான கணிப்பு என்று அவரிடம் சொல்லவில்லை. கடற்படை அதிகாரி வில்லியம் ஃபார்க்கர்சன் அனுப்பிய தாளில் அந்த இடத்தின் பெயர் 'நிலை இசட்' என்று மட்டுமே இருந்தது.

ஏற்றம் அந்தக் கரையில் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால் ஐந்து கரைகளுக்கும் ஒரே நேரம் பொருந்தவில்லை. யூட்டா, ஒமாஹா கரைகளுக்குக் காலை 6:30. கோல்ட், ஸ்வோர்டுக்கு 7:25. ஜூனோவின் முன்னால் நீருக்கடியில் பாறைகள் இருந்ததால் இன்னும் கொஞ்சம் நீர் ஏறட்டும் என்று அதைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அதற்குள் தடைகளில் பல மூழ்கிவிட்டன. ஜூனோவில் அத்தனை படகுகள் சேதமானதற்கு இதுவே முக்கியக் காரணம்.

5ஆம் தேதி ஏன் 6ஆம் தேதியானது?

புயல். 4ஆம் தேதி சில கப்பல் தொகுதிகள் ஏற்கெனவே கடலில் இருந்தன. அவற்றைத் திருப்பி அழைத்தார்கள். தலைமை வானிலை ஆலோசகர் ஜேம்ஸ் ஸ்டாக், 6ஆம் தேதி காற்று சற்றுத் தணியும் என்று 4ஆம் தேதி இரவு சொன்னார். அயர்லாந்தின் மேற்கு முனையிலுள்ள பிளாக்சாட் கலங்கரை விளக்கத்திலிருந்து வந்த அளவீடுகள் அந்தக் கணிப்புக்குக் கைகொடுத்தன. 5ஆம் தேதி விடிவதற்கு முன், போர்ட்ஸ்மத் அருகே சவுத்விக் மாளிகையில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் இறுதி ஒப்புதல் தந்தார்.

அந்த ஒத்திவைப்பு நீடித்திருந்தால் அடுத்த வாய்ப்பு ஜூன் 18ஐ ஒட்டிய நாட்களில் வந்திருக்கும். ஜூன் 19 முதல் 22 வரை கால்வாயில் அடித்த புயலை நினைத்துப் பார்த்தால் ஐசனோவரின் முடிவு எவ்வளவு சரி என்பது தெரியும்.

மணல் டாங்கியைத் தாங்குமா என்று எப்படி அறிந்தார்கள்?

ஆட்கள் நேரில் போய் எடுத்து வந்தார்கள். வான்படங்களில் சில இடங்கள் கருமையாகத் தெரிந்தன. மணலுக்கடியில் பழைய சதுப்பும் களிமண்ணும் இருக்கலாம் என்று புவியியலாளர்கள் ஐயப்பட்டார்கள். 1943 டிசம்பர் 31 இரவு, கரையில் ஜெர்மானியக் காவலர்கள் இருக்கும்போதே, லோகன் ஸ்காட்-பௌடன், புரூஸ் ஆக்டன்-ஸ்மித் என்ற இரண்டு பிரிட்டிஷ் வீரர்கள் கோல்ட் பகுதிக் கரைக்கு நீந்திப் போனார்கள். கையில் துளைக்கருவி, உடலில் மாதிரிக் குழாய்கள். தரையில் படுத்தபடியே துளையிட்டு, மணலைக் குழாய்களில் அடைத்துக்கொண்டு கடல் வழியே திரும்பினார்கள். சில வாரங்களில் சிறு நீர்மூழ்கி ஒன்றிலிருந்து ஒமாஹாவுக்கும் போய் வந்தார்கள்.

அவர்கள் உறுதி செய்த மென்தரைக்குத் தீர்வும் தயாரானது. பெரிய உருளையில் சுற்றிய கெட்டித் துணிப்பாயைத் தன் முன்னால் விரித்துக்கொண்டே போகும் டாங்கி அது. கன்னிவெடிகளைச் சங்கிலியால் அடித்து வெடிக்க வைக்கும் டாங்கி, தீயுமிழும் டாங்கி ஆகியவையும் மேஜர் ஜெனரல் பெர்சி ஹோபார்ட்டின் 79ஆவது கவச டிவிஷனில் இருந்தன.

எந்தெந்தப் படகுகள் பயன்பட்டன? ஒன்றில் எத்தனை பேர்?

எல்லோர் மனதிலும் நிற்பது ஹிக்கின்ஸ் படகு. நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் வடிவமைத்தது. நீளம் 11 மீட்டர், பெரும்பகுதி ஒட்டுப்பலகை, முன்னால் இறக்கும் இரும்புச் சாய்தளம், உள்ளே 36 பேர். முன்பக்கம் 1 மீட்டருக்கும் குறைவான நீரிலேயே மிதக்கும் என்பதால் கரையை ஒட்டிப் போக முடியும். அடிப்பகுதி தட்டை. அதனால் அலையில் கடுமையாக ஆடும்.

உண்மையில் போரைச் சுமந்தது அதைவிடப் பெரிய எல்எஸ்டி. 100 மீட்டர் நீளக் கப்பல், மூக்கில் இரட்டைக் கதவு, உள்ளே சுமார் 20 டாங்கிகள். 1944இல் நேச நாட்டுத் தலைவர்களின் தொலைபேசிப் பேச்சுகளிலும் தந்திகளிலும் அதிகம் அடிபட்ட பற்றாக்குறை இதுதான். இத்தாலிக்கும் பசிபிக்குக்கும் இவையே வேண்டியிருந்தன.

சரக்கு ஏற்றுவதில் ஒரு விதி உண்டு. கரையில் முதலில் தேவைப்படுவதைக் கடைசியாக ஏற்ற வேண்டும். இதனால் கப்பலில் இடம் வீணாகும், ஆனால் வேறு வழியில்லை. வண்டிகள் உப்பு நீரில் இறங்குவதால் எஞ்சினின் மின் பாகங்களைக் கிரீசும் கல்நாரும் கலந்த பசையால் அடைத்து, புகைக்குழாயை மேல்நோக்கி நீட்டினார்கள். அடைத்த எஞ்சினை அதிகம் ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடும். எனவே வேலையைப் பல கட்டமாகப் பிரித்து, கடைசி அடைப்பைப் படகில் ஏறிய பிறகே செய்தார்கள். கரையேறியதும் அதைப் பிரித்தெடுப்பதும் ஓட்டுநரின் பொறுப்பு.

கன்னிவெடி நிறைந்த கால்வாயைக் கப்பல்கள் எப்படிக் கடந்தன?

ஏறத்தாழ 7,000 கலங்கள். அவற்றில் போர்க்கப்பல்கள் 1,200 சொச்சம், தரையிறக்கக் கலங்கள் 4,100க்கும் மேல். வைட் தீவுக்குத் தென்கிழக்கே ஓரிடத்தில் எல்லாம் கூடி, அங்கிருந்து தெற்கே பிரிந்தன. 250க்கும் மேற்பட்ட கன்னிவெடி அகற்றும் கலங்கள் முன்னே சென்று பத்துப் பாதைகளைத் துப்புரவு செய்தன. ஒவ்வொரு கரைக்கும் இரண்டு பாதைகள். ஒன்று வேகமான கப்பல்களுக்கு, மற்றது மெதுவானவற்றுக்கு. ஓரங்களில் விளக்கு மிதவைகள்.

கால்வாயில் ஓதத்தோடு நீரோட்டத்தின் திசையும் மாறும். நடுக்கடலில், இருட்டில், பின்னால் ஆயிரக்கணக்கான கப்பல்கள் வந்துகொண்டிருக்கும்போது, இந்தக் கலங்கள் கன்னிவெடிகளை வாரும் தங்கள் கம்பிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அன்றைய கடற்படை வேலைகளில் இதைவிட நுட்பமானது வேறில்லை என்போம். கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் பெர்ட்ராம் ராம்சேயின் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும்.

ஒமாஹாவில் மட்டும் ஏன் அத்தனை சேதம்?

அங்கே ஒன்றல்ல, பல காரியங்கள் ஒரே நேரத்தில் பிசகின.

முதலில் நிலம். மணலுக்குப் பின்னால் 30 மீட்டருக்கும் உயர்ந்த மேட்டுச் சரிவு, வண்டி ஏறிப்போகச் சில பள்ளத்தாக்குகள் மட்டும். அவை ஒவ்வொன்றின் வாயிலிலும் ஜெர்மானியக் காவலரண்கள். கரை பிறைபோல் வளைந்திருப்பதால் இரு ஓரங்களிலிருந்தும் குறுக்காகச் சுட முடிந்தது. ஜெர்மானியரின் 352ஆவது டிவிஷன் அங்கே வந்திருந்ததும் நேச நாட்டுப் படைக்கு உரிய நேரத்தில் தெரியவில்லை.

அடுத்து வானம். காலையில் மேகம் தாழ்ந்திருந்தது. நூற்றுக்கணக்கான கனரக விமானங்கள் மேகத்துக்கு மேலிருந்து கருவி பார்த்துக் குண்டு வீசின. கரையை நெருங்கும் தங்கள் தரப்புப் படகுகள் மேல் விழுந்துவிடக் கூடாதென்று சில வினாடிகள் தாமதித்தார்கள். குண்டுகள் உள்நாட்டு வயல்களில் விழுந்தன, காவலரண்கள் அப்படியே நின்றன. யூட்டாவில் நடுத்தர விமானங்கள் மேகத்துக்குக் கீழே இறங்கி, கரைக்கு இணையாகப் பறந்து வீசியதால் பலன் கிடைத்தது. கப்பல் பீரங்கிகளுக்கும் ஒமாஹாவில் ஏறக்குறைய 40 நிமிடம்தான் தந்தார்கள். பிரிட்டிஷ் கரைகளில் ஹெச்-ஹவர் தாமதம் என்பதால் அங்கே அதைவிட அதிக நேரம் கிடைத்தது.

மூன்றாவது, தூரம். கரைப் பீரங்கிகளுக்கு அஞ்சி அமெரிக்கக் கப்பல்கள் கரையிலிருந்து 11 மைல் தள்ளி நங்கூரமிட்டன. பிரிட்டிஷார் 7 மைலில் நின்றார்கள். சிறு படகுகளில் மூன்று மணி நேரம் அலையில் ஆடி வந்த வீரர்கள் வாந்தியெடுத்துத் தளர்ந்திருந்தார்கள். முதுகிலும் இடுப்பிலும் 30 கிலோவுக்குக் குறையாத சுமை. ஆழத்தில் இறங்கியவர்களில் பலர் சுடப்படாமலே மூழ்கினார்கள்.

டாங்கிகளின் கதை தனி. ஷெர்மன் டாங்கியைச் சுற்றிக் கான்வாஸ் திரை எழுப்பி, பின்னால் இரண்டு சுழலிகள் பொருத்தி மிதக்க வைத்தார்கள். அமைதியான நீருக்குத்தான் அந்தத் திரை தாங்கும். அன்று அலை 1.8 மீட்டர் வரை எழுந்தது. 741ஆவது டாங்கி பட்டாலியன் கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவிலேயே 29 டாங்கிகளை நீரில் இறக்கியது. அவற்றில் 27 மூழ்கின. பக்கத்திலேயே 743ஆவது பட்டாலியனின் டாங்கிகளைக் கடல் நிலையைப் பார்த்த அதிகாரிகள் மிதக்க விடாமல் படகிலேயே கரைவரை கொண்டு சேர்த்தார்கள். யூட்டாவில் அலை தணிவு. அங்கே 32இல் 28 கரை சேர்ந்தன. கருவி சரியானதுதான், அதை எந்தக் கடலில் எத்தனை தூரத்தில் இறக்குவது என்ற முடிவில்தான் கோளாறு.

தடைகளை அகற்றும் பொறியாளர்கள் 16 வழிகள் திறக்க வேண்டும் என்பது திட்டம். முதல் ஏற்றத்துக்குள் ஆறு மட்டுமே முழுதாகத் திறந்தன. அவர்களில் பத்துக்கு நான்கு பேர் இறந்தோ காயம்பட்டோ போனார்கள். திறந்த வழிகளைக் குறிக்க வேண்டிய மிதவைகளும் பெரும்பாலும் தொலைந்ததால், பின்னால் வந்த படகுகளுக்கு வழி எங்கே என்று தெரியவில்லை.

நிலைமையை மீட்டவர்கள் இரு சாரார். பள்ளத்தாக்கு வாயில்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடைப்பட்ட சரிவில் சிறு சிறு குழுக்களாக ஏறியவர்கள் ஒரு சாரார். தரைதட்டும் அபாயம் இருந்தும் கரைக்கு 1 கிலோமீட்டருக்குள் வந்து காவலரண்களை நேராகச் சுட்ட நாசகாரிக் கப்பல்கள் மறுசாரார். அன்று மாலைக்குள் ஒமாஹாவில் இறந்தோ காயம்பட்டோ காணாமற்போனோரின் எண்ணிக்கை சுமார் 2,400. யூட்டாவில் 197.

யூட்டாவில் தவறான இடத்தில் இறங்கினார்களாமே?

ஆம். நீரோட்டம் இழுத்ததில், குறித்த இடத்துக்குத் தெற்கே சுமார் 2 கிலோமீட்டரில் கரைசேர்ந்தார்கள். அங்கே காவல் குறைவு. முதல் அலையோடு வந்த 56 வயது பிரிகேடியர் ஜெனரல் தியோடர் ரூஸ்வெல்ட் ஜூனியர், பின்னால் வருவோரும் இங்கேயே வரட்டும் என்று முடிவெடுத்தார். அது சரியாக அமைந்தது. கரைக்குப் பின்னால் ஜெர்மானியர் வெள்ளக்காடாக்கியிருந்த வயல்களைக் கடக்கும் மேட்டுச் சாலைகளை 101ஆவது வான்வழி டிவிஷன் முந்தைய இரவே கைப்பற்றத் தொடங்கியிருந்ததும் பெரிய உதவி.

ஜெர்மானியர் ஏன் உடனே திருப்பி அடிக்கவில்லை?

ஹிட்லர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப யாருக்கும் துணிவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அது கதையின் சிறு துண்டுதான். கவச டிவிஷன்கள் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் ரோம்மலுக்கும் அவர் மேலதிகாரி ருண்ட்ஸ்டெட்டுக்கும் கருத்து வேறுபாடு. கரையருகே நிறுத்து என்றார் ரோம்மல். உள்ளே வைத்திருந்து மொத்தமாக அடிக்கலாம் என்றார் மற்றவர். சமரசமாகச் சில டிவிஷன்களை ஹிட்லரின் அனுமதியின்றி நகர்த்த முடியாதபடி வைத்தார்கள். அனுமதி வந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. வானம் தெளிந்துவிட்டதால் பகலில் சாலையில் நகர்ந்த எதையும் நேச நாட்டு விமானங்கள் விட்டுவைக்கவில்லை.

மோசமான வானிலையில் யாரும் வரமாட்டார்கள் என்று ரோம்மல் மனைவியின் பிறந்தநாளுக்காக ஜெர்மனிக்குப் போயிருந்தார். கரைக்கு அருகில் இருந்த ஒரே கவச டிவிஷனான 21ஆவது பான்சர் மாலையில்தான் தாக்கியது. ஜூனோவுக்கும் ஸ்வோர்டுக்கும் இடையிலிருந்த இடைவெளியில் அதன் ஒரு பகுதி கடல்வரை வந்து, பிறகு பின்வாங்கியது.

ஏமாற்று வேலையும் பெரிது. அமெரிக்க ஜெனரல் பேட்டன் தலைமையில் கென்ட் பகுதியில் ஒரு பெரும்படை கலேயைத் தாக்கக் காத்திருப்பதாகப் பொய் ரேடியோச் செய்திகளாலும் பொம்மைப் படகுகளாலும் நம்ப வைத்தார்கள். ஸ்பானியரான ஹுவான் புஜோல், ஜெர்மானியரின் நம்பிக்கைக்குரிய உளவாளியாக நடித்துக்கொண்டே பிரிட்டனுக்கு வேலை செய்தார். தரையிறக்கம் நடந்து மூன்றாம் நாளும், நார்மண்டி வெறும் திசைதிருப்பல் என்று செய்தி அனுப்பினார். 15ஆவது படையின் பெரும்பகுதி பல வாரங்கள் கலேயை விட்டு அசையவில்லை. இரு தரப்பும் அவருக்குப் பதக்கம் கொடுத்தன.

முதல் நாள் இலக்குகள் நிறைவேறினவா?

பாதிகூட இல்லை. அன்றே பிடிக்க வேண்டிய கான் நகரின் வடபகுதி ஜூலை 9 அன்றுதான் கைக்கு வந்தது. இரவுக்குள் ஒன்றோடொன்று இணைந்தவை கோல்டும் ஜூனோவும் மட்டுமே. ஆனாலும் சுமார் 1,56,000 பேர் கரையிலும் கரைக்குப் பின்னாலும் இறங்கிவிட்டார்கள். ஐந்தே நாளில், ஜூன் 11க்குள், அது 3,26,000ஐயும் வண்டிகள் 54,000ஐயும் சரக்கு 1,04,000 டன்னையும் தாண்டியது. போரை வென்றது இந்தக் கணக்குதான்.

கூடவே கொண்டுபோன துறைமுகம் எப்படி வேலை செய்தது?

பெயர் மல்பெரி. இரண்டு அமைத்தார்கள். ஒமாஹாவின் சான்-லோரானில் அமெரிக்கருக்கு ஒன்று, கோல்ட் பகுதியின் அரோமான்ஷில் பிரிட்டிஷாருக்கு ஒன்று. முதலில் பழைய கப்பல்களைத் தாங்களே ஓட்டிவந்து வரிசையாக மூழ்கடித்து அலைத்தடுப்பு செய்தார்கள். பிறகு ஃபீனிக்ஸ் என்ற கான்கிரீட் பெட்டிகள். பெரியவை 60 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரம், 6,000 டன் எடை. இழுவைக் கப்பல்கள் அவற்றை ஆமை வேகத்தில் கால்வாயைக் கடத்திக் கொண்டுவர, வால்வைத் திறந்து நீர் புகவிட்டு இடத்தில் அமர்த்தினார்கள். உள்ளே நான்கு கால்களில் ஓதத்தோடு ஏறி இறங்கும் மேடைகள். அங்கிருந்து கரைக்கு, மிதவைகள் மேல் வளைந்து கொடுக்கும் இரும்புச் சாலை. 6 மீட்டர் ஓதத்தில் நிலையான பாலம் உதவாது, அதனால்தான் மேடையும் சாலையும் மிதப்பவை.

வெளிப்புறத்தில் நங்கூரமிட்ட இரும்பு மிதவைத் தடுப்புகள் மட்டும் தோல்வி. ஜூன் 19 புயலில் அவை அறுந்துபோய் உள்ளே இருந்தவற்றையே மோதின. புயல் ஓய்ந்தபோது ஒமாஹா துறைமுகம் மீட்க முடியாத நிலையில் இருந்தது. சுமார் 800 கலங்கள் கரையில் சிதறிக் கிடந்தன. உடைந்த பாகங்களை அரோமான்ஷுக்கு எடுத்துப்போய் அதைச் சரிசெய்தார்கள். அது இலையுதிர்காலம் முடியும்வரை ஓடியது.

இவ்வளவு செலவு தேவையா என்ற கேள்வியை அன்றே கேட்டார்கள். கேட்பது நியாயம். துறைமுகம் போன பிறகும் ஒமாஹாவின் வெறும் மணலில் நாளொன்றுக்கு 10,000 டன்னுக்கும் மேல் இறங்கியது. எல்எஸ்டியை வற்றத்தில் தரையில் அமரவிட்டு, கதவைத் திறந்து வண்டிகளை நேராக ஓட்டி இறக்கிவிட்டு, அடுத்த ஏற்றத்தில் மிதக்க வைத்தார்கள். கப்பலின் அடித்தளம் உடையும் என்ற பயம் முதலில் இருந்தது, ஆனால் அப்படி நடக்கவில்லை. ஆரம்பத்தில் எந்தச் சரக்கு முதலில் என்று பட்டியல் பார்த்து இறக்க முயன்றதுதான் பெரிய தாமதம். பட்டியலே கரைக்கு வந்து சேரவில்லை. வந்த கப்பலை வந்தபடி இறக்கு என்று உத்தரவு மாறிய பிறகே நெரிசல் தீர்ந்தது. ஆனாலும் துறைமுகம் உண்டு என்ற உறுதி இல்லாமல் 1943இல் யாரும் இந்தத் திட்டத்துக்குக் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள்.

கடலடிக் குழாயில் பெட்ரோல் வந்ததா?

வந்தது, ஆனால் மிகத் தாமதமாக. ஷெர்பூருக்கான குழாய் செப்டம்பரில்தான் எண்ணெய் தந்தது. அதுவும் சொற்பம். நார்மண்டிப் போரை ஓட்டியது டேங்கர் கப்பல்களும் கேன்களும்.

ஒத்திகையிலேயே நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1944 ஏப்ரல் 28 அதிகாலை, இங்கிலாந்தின் ஸ்லாப்டன் கரைக்கு வந்துகொண்டிருந்த ஒத்திகைக் கப்பல்களை ஜெர்மானிய வேகப்படகுகள் தாக்கின. இரண்டு எல்எஸ்டிகள் மூழ்கின. 600க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். துணைக்கப்பலும் தொகுதியும் வெவ்வேறு ரேடியோ அலைவரிசையில் இருந்ததால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் உயிர்காப்புப் பட்டையை அக்குளுக்கடியில் கட்டாமல் இடுப்பில் கட்டியிருந்தார்கள். முதுகுச் சுமையோடு குதித்ததும் பட்டை அவர்களைத் தலைகீழாகக் கவிழ்த்தது. ஜூனில் போனவர்களுக்கு அதைக் கட்டும் முறையைக் கண்டிப்பாகப் பயிற்றுவித்தார்கள்.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

ஜூன் 6 அன்று இறந்த நேச நாட்டு வீரர்கள் 4,400க்கும் மேல். இது பெயர் பெயராகச் சரிபார்த்த எண். அவர்களில் அமெரிக்கர் 2,500 பேர். ஜெர்மானியர் எண்ணிக்கை மதிப்பீடு மட்டுமே.

பிரெஞ்சு மக்களை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. சாலைச் சந்திப்புகளை அடைக்க வேண்டும் என்று கான், சான்-லோ, லிசியூ நகரங்களைக் குண்டு வீசி இடித்தார்கள். எச்சரிக்கைத் துண்டறிக்கைகளில் பல காற்றில் பறந்து அயலூர்களில் விழுந்தன. முதல் இரண்டு நாட்களில் மட்டும் சுமார் 3,000 பொதுமக்கள் இறந்தார்கள். நார்மண்டிப் போர் முடியும்போது அது 20,000 அளவில் இருந்தது.

நம் பக்கத்துக்கு இதில் தொடர்பு உண்டா?

படகுகள் வழியாக உண்டு. அந்தமானைக் கடல்வழி கைப்பற்ற ஒரு திட்டம் இருந்தது. ஐரோப்பாவுக்குத் தரையிறக்கக் கலங்கள் தேவை என்று 1943 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். தியெப் தாக்குதலின்போது கூட்டு நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்த மவுண்ட்பேட்டன்தான் அப்போது நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தளபதி. 1944 ஏப்ரலில் அவர் தலைமையகம் கண்டியை அடுத்த பேராதனைக்கு வந்தது. போதிய படகில்லாமல் அவர் திட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

கடைசியில் மலாயாவில் இறங்கும் ஸிப்பர் நடவடிக்கை 1945 செப்டம்பர் 9 அன்று நடந்தது. ஜப்பான் அதற்குள் சரணடைந்துவிட்டது. எதிர்ப்பே இல்லாமல் இந்திய டிவிஷன்கள் சிலாங்கூரின் மோரிப் கரையில் இறங்கியும், மேலே கெட்டியாகத் தெரிந்த மணலுக்கடியில் சேறு. வண்டிகள் வரிசையாகப் புதைந்து நின்றன. எதிரி சுட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு, ஸ்காட்-பௌடனின் துளைக்கருவி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

இப்போது போய்ப் பார்க்க வேண்டுமானால்?

பாயே நகரில் தங்கலாம், கோல்டும் ஒமாஹாவும் அங்கிருந்து பக்கம். லோங்-சுர்-மெரில் ஜெர்மானியப் பீரங்கிகள் இன்னும் அவற்றின் கான்கிரீட் கூடுகளுக்குள்ளேயே இருக்கின்றன. ஒமாஹாவுக்கு மேலே கொல்வில் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,300க்கும் மேற்பட்ட கல்லறைகள். ஜெர்மானியருக்கான லா காம்பில் 21,000க்கும் மேல். பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டம் பாயேயிலேயே உண்டு. போகும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். ஏற்றத்தில் போனால் ஒமாஹாவில் குறுகிய மணற்பட்டைதான் தெரியும், வீரர்கள் ஓடிய தூரம் விளங்காது. அரோமான்ஷில் ஃபீனிக்ஸ் பெட்டிகளை அருகில் நடந்துபோய்ப் பார்க்க வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிட வேண்டும்.